ரொட்டிப் பெட்டியும் பக்கத்து வீட்டுச் சுவரும்

என் பெரிய தங்கச்சியின் கல்யாணத்துக்குத் தாராவியிலிருந்து கைக்குழந்தையோடு ரயிலேறி, தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் போய் இறங்கினேன். உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றிருந்தது. கொஞ்சம் படுக்கலாம் என்றால் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கடைசியில் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, சரக்கு அறையில் எனக்கு ஓர் இடம் காட்டினாள். ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் பித்தளை அண்டா. நடுவில் நான், என் மேல் பிள்ளை.

"பம்பாயில பத்தடி ரூமுல மொத்தக் குடும்பமும் படுத்துப் பழகுனவதானேளா? உனக்கு இந்த இடுக்கே மச்சு வீடு மாதிரிதான் இருக்கும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அது என்னையே குத்தினாலும் சரி. எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் வாய் சும்மா கிடக்கவில்லை.

"கடைக்குட்டி கல்யாணத்துக்கு நான் என் வீட்டோட வாரேன் மதினி. உங்களுக்கும் படுக்க இடம் தாரேன்."

"வீட்ட எதுல கொண்டாருவ? கூடையிலயா?"

அந்தக் கூடை என்னைப் பம்பாய் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. சோறு பொங்கும்போது கூடை, துணி துவைக்கும்போது கூடை. என் வீட்டுக்காரர் மட்டும் இதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. ஆள் பேசமாட்டார், ஆனால் உள்ளே போன சங்கதி உள்ளே உருண்டுகொண்டே இருக்கும்.

அவரிடம் ஒரு டெம்போ இருந்தது. தாராவியில் தைக்கிற தோல் பைகளைப் பின்தட்டில் ஏற்றிக் கடைகடையாகப் போடுவார். ஒருநாள் செம்பூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்ற வெள்ளைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். பின்தட்டில் ஓர் அறையே உட்கார்ந்திருந்ததாம். உள்ளே படுக்கை, அடுப்பு, சன்னல், சன்னலுக்குத் திரை. வேண்டாத நாளில் அந்த அறையை அதன் சொந்தக் காலில் இறக்கி நிறுத்திவிட்டு வண்டி மட்டும் வேலைக்குப் போய்விடுமாம்.

"ஏளா, உன் கூடை கிடைச்சிட்டு," என்றார்.

குர்லாவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற பாய் ஒருவர் இருந்தார். மேலப்பாளையத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். வண்டியில்லாத பெட்டிகளாக மூன்றை நிறுத்தி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றின் அடியிலும் தவழ்ந்து துருவைச் சுரண்டிப் பார்த்தார். நான் ஒவ்வொன்றின் உள்ளேயும் போய்ப் படுத்துப் பார்த்தேன். வீடு வாங்குகிறவர்கள் ஏன் படுத்துப் பார்க்காமல் வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதலாவது, ஆஸ்பத்திரி வண்டியின் பெட்டி. நீளமான பலகை, நல்ல வெளிச்சம்.

"இதுல படுத்தவங்க யாரும் இதுவரைக்கும் வந்து குறை சொன்னதில்ல தங்கச்சி," என்றார் பாய்.

எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது, ஐஸ் வண்டியின் பெட்டி. இரட்டைத் தகரம், நடுவில் மரத்தூள். சன்னலே கிடையாது.

"இதுல படுத்தியன்னா கெட்டுப் போகவே மாட்டிய."

மூன்றாவது, ரொட்டி வண்டியின் பெட்டி. ஒரு பக்கவாட்டில் மட்டும் காற்று வருவதற்குச் சல்லடை சன்னல், பின்னால் மேலே தூக்கித் திறக்கிற பலகைக் கதவு, உள்ளே ரொட்டி அடுக்குகிற தட்டுகள். கீழ்த்தட்டில் நான் நீட்டிப் படுத்தால் கால் இடிக்கவில்லை. மேல்தட்டு பிள்ளைக்குத் தொட்டில் மாதிரி அமைந்தது. ரொட்டி வாசனை மட்டும் தகரத்துக்குள் ஊறிப்போயிருந்தது.

"வாசனையிலயே பாதி வயிறு நிறைஞ்சிரும்," என்றார் பாய்.

அதையே எடுத்தோம். அங்கேயே ஒரு பட்டறையில் மூலைக்கொன்றாகக் குழாய்க் கால் வைத்தோம். கால்களில் ஜாக்கி. சுற்றினால் பெட்டி மேலே எழும்பும். டெம்போ பின்பக்கமாக வந்து அடியில் நுழையும். திருப்பிச் சுற்றினால் பெட்டி தட்டில் உட்காரும். முதல் தடவை அது உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் பெற்ற தகப்பனைப் போல் அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளோட்டமாக மாட்டுங்காவில், மரநிழலாக ஒரு தெருவோரம், ஒரு சனிக்கிழமை போய்ப் படுத்தோம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிய சுகம் எனக்கு அதுவரை தெரியாது. விடிந்ததும் பின்கதவை யாரோ தட்டினார்கள். தூக்கிப் பார்த்தால் வேட்டியும் பனியனுமாக ஒரு மாமா, கையில் துணிப்பை.

"ஒரு பெரிய ரொட்டி குடும்மா. நேத்திக்கு மாதிரி காய்ஞ்சதா இருக்கப்படாது."

"இது ரொட்டி வண்டி இல்லீங்க. எங்க வீடு."

மாமா குனிந்து உள்ளே பார்த்தார். தட்டில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். மாமா மூக்கை உறிஞ்சினார்.

"வீடுன்னா சரி. ரொட்டி வாசனை வரதே, எங்கே ஒளிச்சு வெச்சிருக்கேள்?"

அவர் பின்னால் இன்னும் சிலர் பையோடு நின்றார்கள். வரிசையை நான் கலைப்பதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சிய பால் ஆறிப்போயிற்று.

மழைக்காலம் வந்தது. டெம்போவுக்கு வேலை அதிகம். பெட்டியை எங்கள் சந்தில், பக்கத்துக் கோலியை ஒட்டிக் காலில் நிறுத்தினோம். கோலி என்றால் எங்கள் பக்கத்து ஒற்றை அறை வீடு. அதில் சோபா உறை தைக்கிற அண்ணாச்சியும் அவர் மனைவி அக்காவும் இருந்தார்கள். அங்கேதான் எங்கள் புத்தி மழுங்கிப் போயிற்று. தாராவியில் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு, நிற்கிற பொருளைச் சும்மா நிற்கவிட்டுப் போகிற முட்டாள் உண்டா? எங்கள் சந்தில் எது நின்றாலும் அது சுவர்தான். கைவண்டி ஒரு வாரம் நின்றால் அதன் கைப்பிடியில் கொடி கட்டியிருப்பார்கள். இது தெரிந்தும் நாங்கள் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம், என்னவோ களவு போகிறதென்றால் கதவு வழியாகத்தான் போகும் என்பது போல.

கடைக்குட்டிக்குக் கல்யாணம் நிச்சயமாகித் தந்தி வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புறப்படுகிற அன்று காலையில் டெம்போ சந்துக்குள் பின்பக்கமாக வந்தது. என் வீட்டுக்காரர் ஜாக்கியைச் சுற்றினார். பெட்டி மெல்ல எழும்பியது. உடனே பக்கத்துக் கோலிக்குள்ளிருந்து அண்ணாச்சியின் சத்தம்.

"ஏய்! செவரு மேல போகுது! செவரு மேல போகுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கச் சோப்பு நுரையும் கையில் கத்தியுமாக அண்ணாச்சி குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் கண்ணாடி மேலே போய்க்கொண்டிருந்தது. பாதி மழித்த கன்னத்தைப் பார்க்க அவரும் கூடவே எழும்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் முழுதும் பார்த்தேன். இடுப்பளவு செங்கல் சுவர் அப்படியே இருந்தது. அதற்கு மேல் அவர் வைத்திருந்த தகரத்தைக் காணோம். அந்த இடத்தில் எங்கள் ரொட்டிப் பெட்டியின் சன்னலில்லாத பக்கம். ரோஸ் பெயிண்ட் அடித்து, கண்ணாடி பதித்து, சின்னத் தட்டு வைத்து, சட்டை மாட்ட வரிசையாக ஆணி அடித்து லட்சணமாக வைத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க செவரு எங்க?"

"ஆனி மழையில போச்சு. உங்க பொட்டி ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு செவருன்னு விட்டுட்டேன்."

"கேக்க வேண்டாமா?"

"செவத்த ஒட்டிக் குடியிருக்கவங்க கேட்டுக்கிட்டா இருப்பாங்க? நீங்கதான் தூக்கிட்டுப் போகுமுன்ன கேக்கணும்."

அக்கா குறுக்கே வந்தாள். "பெயிண்ட் நாங்க அடிச்சோம்லா. இந்தப் பக்கம் எங்களுது."

சந்து கூடிவிட்டது. உள்பக்கம் எங்களுடையது, வெளிப்பக்கம் அவர்களுடையது என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் தகரத்தை நடுவில் உரித்துக் கொடுங்கள் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. நான் ரயிலேறிப் போய் நின்றால் மதினி முதலில் எங்கே பார்ப்பாள்? என் தலையைப் பார்ப்பாள், கூடை இருக்கிறதா என்று. அதை அக்காவிடம் சொன்னேன். அரிசி மூட்டை, அண்டா, இடுக்கு, கூடை எல்லாம் சொன்னேன். அக்கா இடுப்பில் கையை வைத்துக் கேட்டாள். கூடை வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அவளுக்கும் ஊரில் ஒரு மதினி உண்டு.

"செவர எடுத்துட்டுப் போ," என்றாள்.

"அப்ப நான் தெருவுலயா குடும்பம் நடத்துவேன்?" என்றார் அண்ணாச்சி.

"அவ மதினிய விடவா உங்க குடும்பம் பெருசு? சும்மா இருங்க."

டெம்போவின் தார்ப்பாயை அவர்களுக்குச் சுவராகக் கட்டிக் கொடுத்தோம். ஆணியைப் பிடுங்கினால் தகரம் ஓட்டையாகி மழை உள்ளே வரும். கண்ணாடியைப் பெயர்த்தால் உடையும். ஆகவே எல்லாம் இருந்தபடியே புறப்பட்டது. அண்ணாச்சி டெம்போவோடு சந்து முனை வரைக்கும் நடந்து வந்தார். "கண்ணாடி உடஞ்சா வேற கண்ணாடி. செவரு உடஞ்சா வேற செவரு. பாத்துப் போங்க," என்றார். அப்போதும் அவருடைய ஒரு கன்னம் நுரையாகத்தான் இருந்தது.

வழி நெடுக, நின்ற இடத்தில் எல்லாம் ரொட்டி கேட்டார்கள். ஹூப்ளிக்குப் பக்கத்தில் ஒருவர் கேட்டபோது நாங்கள் தின்ன வைத்திருந்த பாவ் ரொட்டியை என் வீட்டுக்காரர் எடுத்து நீட்டிவிட்டார். "எத்தன பேருகிட்ட இல்லன்னு சொல்ல? வாய் வலிக்குது," என்றார். அவர் அந்தப் பயணத்தில் பேசியதே அவ்வளவுதான்.

ஊரில் கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். மதினி வந்து சுற்றிப் பார்த்தாள். ரோஸ் சுவரையும் கண்ணாடியையும் ஆணிகளையும் பார்த்தாள்.

"வீட்ட என்னளா புறமாத்தி மாட்டியிருக்க, சட்டைய மாட்டுன மாதிரி?"

இந்த வார்த்தையும் நன்றாகத்தான் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் கல்யாண வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி மணப்பெண்ணின் கையில். தெருவோடு வந்த பெண்கள் எங்கள் கண்ணாடியைக் கண்டார்கள். கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் ஏறி நின்று தலை சீவினார்கள், பவுடர் போட்டார்கள். பழைய ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் புதுசு வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சியின் ஆணிகளில் பூச்சரம் தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து ரொட்டி கேட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. மதினியின் அறை சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குப் போய்விட்டது. சரக்கு அறையில்கூட யாரோ குறட்டை. மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பெட்டி வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள காத்து வருமாளா?"

"ரொட்டிக்கே காத்து விட்டிருக்கான் மதினி. ஏறி வாங்க."

இந்த நேரத்துக்காகத்தான் நான் காலையிலேயே ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். சரக்கு அறையிலிருந்து ஓர் அரிசி மூட்டையை என் வீட்டுக்காரரைத் தூக்கி வரச் சொல்லிக் கீழ்த்தட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடுக்கு விட்டுப் போட்டிருந்தேன். சொல்ல வேண்டியதையும் மனப்பாடம் செய்திருந்தேன்: "உங்களுக்கு இந்த இடுக்கே மச்சு வீடு மாதிரிதான் இருக்கும் மதினி." மதினி ஏறினாள். தட்டுக்கும் மூட்டைக்கும் நடுவில் சரிந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். தூங்குகிறவளிடம் என்ன சொல்வது? வாய்க்குள் வந்ததை மென்று விழுங்கிவிட்டு விசிறி எடுத்து வீசினேன்.

சாயங்காலம் எழுந்தாள்.

"எவ்வளவு சொகமான தூக்கம்! அந்த மூட்டை நல்லா அணைவா இருந்துச்சுளா. யாரு கொண்டாந்து போட்டா?"

"நான்தான் மதினி. உங்களுக்குன்னே."

என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு ஊறி வந்தது.

"கூடை பெருசாத்தாம்ளா வாங்கியிருக்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். முகம் கழுவி, அண்டா மேல் ஏறி, கலைந்த பொட்டைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டிவிட்டு, புதுப் பொட்டு வைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். கண்ணாடியில் அவள் விட்டுப் போனது பெரிய, குங்கும நிறப் பொட்டு.

திரும்பி வந்து பெட்டியைப் பழைய இடத்தில் இறக்கினோம். அக்கா முதலில் சுவரைத்தான் பார்த்தாள். கண்ணாடி முழுக்கப் பொட்டுகள்.

"ஏங்க, யாரு பொட்டு இதெல்லாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் தாராவிய விட்டு எங்கட்டி போனேன்?"

"நீங்க போகல. உங்க கண்ணாடி போயிருக்குல்லா!"

ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். நடுவில் இருந்த பெரிய பொட்டுக்கு வந்ததும் நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது எங்க மதினி பொட்டுக்கா. வந்து படுத்துட்டுப் போனதுக்கு அத்தாட்சி. அது மட்டும் இருக்கட்டும்."

மறுநாள் காலையில் பெட்டிக்குள் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி முணுமுணுப்பது கேட்டது.

"ஷேவ் பண்ணக் குனிஞ்சா சரியா நெத்தியில வந்து நிக்குது இந்தப் பொட்டு."

"நிக்கட்டும்," என்றாள் அக்கா. "இப்பத்தான் மூஞ்சிக்கு ஒரு லட்சணம் வந்திருக்கு."