நாய் தங்குவதற்கு ஒரு தோட்டம்

தோட்டத்தைக் காப்பதற்காக நாயை வைத்திருக்கிறேனா, நாயை வைத்திருப்பதற்காகத் தோட்டம் செய்கிறேனா? பெரும்போக நெல் அறுவடை முடிந்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னோடு கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடக்கிறது. தொழுகைக்குக் கை கட்டி நின்றாலும் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னும் பதில் தெரியாது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். கல்முனை ஊருக்குள் காணி நெருக்கம், ஒரு மதிலுக்கு இரண்டு வீடு. அதனால் வாப்பா எனக்கு ஊருக்கு மேற்கே, வயல்வெளி தொடங்குகிற இடத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு வளவில் வீடு கட்டித் தந்தார். என் கணவர் பொத்துவிலில் படிப்பிக்கிறார். வெள்ளி பின்னேரம் வருவார், ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். மற்ற நாட்களில் வளவில் நானும் மூன்று வயது மகளும்தான். உம்மா இடைக்கிடை ஊரிலிருந்து ஓட்டோவில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். அதனால் பயம் குறையவில்லை, பயப்படுகிறவற்றின் பெயர்கள் சரியாகத் தெரிந்ததுதான் மிச்சம். மகள் மண்ணில் விளையாடினால் கொக்கிப்புழு நினைவுக்கு வரும். தேங்கிய தண்ணீரைக் கண்டால் டெங்கு. இப்படிப்பட்ட ஒருத்தி நாயோடு சேர்ந்தது எப்படி என்று நானே சில நேரம் யோசிப்பேன்.

எங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. அதன் எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் சுத்தமான மண் கலந்த தண்ணீரால். ஆனால் வேட்டைக்கும், ஆடுமாட்டுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க அனுமதி உண்டு. சின்ன வயதில் மதரசாவில் இதைப் பாடமாக்கிய நாட்களில், இது எனக்குத் தேவைப்படும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் நான் மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் கொஞ்சம் கத்தரியும் வைத்திருந்தேன். மாரி முடியும் தறுவாயில் ஒரு காலை எழும்பிப் போய்ப் பார்த்தால், மரவள்ளி முழுவதும் அடியோடு சாய்ந்து கிடந்தது. கிழங்குகளைப் பாதி பாதியாகக் கடித்துப் போட்டிருந்தது. பாத்தியில் நீளமாக ஒரு முள், கறுப்பும் வெள்ளையுமாக. முள்ளம்பன்றி. அடுத்த நாள் வற்றாளையும் போனது. மிஞ்சிய கத்தரிக் கன்றுகளின் தளிரை மயில்கள் காலையிலேயே வந்து கொத்தின. நான் தகரத்தைத் தட்டினேன். அவை தோகையை இழுத்துக்கொண்டு ஆறுதலாக, கலியாண வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள் போல, வேலியைத் தாண்டிப் போயின.

அந்தச் சமயத்தில்தான் வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. வெட்டு முடிந்து, காவலுக்கு இருந்தவர்கள் தங்கள் வாடிக் குடிசையைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வைத்திருந்த பெட்டை நாய் மட்டும் பிரித்த வாடியின் கம்புகளுக்குள் படுத்திருந்தது. மண் நிறம், ஒரு காது கிழிந்தது. இரண்டொரு நாள் பொறுத்து அது வாய்க்காலைக் கடந்து எங்கள் வேலியோரம் வந்து படுத்தது. வந்த பிறகு முள்ளம்பன்றி வரவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். தின்ன மரவள்ளி மிஞ்சாததால்கூட வராமல் விட்டிருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு ஏலாது. ஆனால் நான் மீன் தலைகளைச் சிரட்டையில் போட்டு வேலிக்கு வெளியே வைக்கத் தொடங்கினேன்.

வைக்கத் தொடங்கிய அன்றே பயமும் வந்தது. நக்கிவிட்டால்? உடனே முன்னேற்பாடு செய்தேன். வாய்க்கால் மேட்டிலிருந்து நல்ல மண் எடுத்து, அரித்து, காய வைத்து, கிணற்றடிக்குப் பக்கத்தில் மாமரத்து நிழலில் ஒரு குவியலாக வைத்தேன். கழுவ வேண்டி வந்தால் சுத்தமான மண்ணுக்கு ஓடித் திரியக்கூடாது. மழை படாமல் மேலே சாக்கும் போட்டேன். எனக்கு என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாயின் வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. என்னுடைய மீன் தலைகள்தான் காரணம் என்று நினைத்தேன். உயிரியல் படித்தவள்.

ஒரு காலை உடுப்புக் கழுவப் போனேன். சாக்குக்கு அடியில் சத்தம். தூக்கிப் பார்த்தால், நான் அரித்து வைத்த மண்ணின் நடுவில் அழகாகக் குழி பறித்து, அந்தப் பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. கல்லில்லாத மண், நிழல், மேலே கூரை. வளவில் அதைவிடத் தோதான இடம் இல்லை. நாயின் எச்சிலைக் கழுவ வைத்த மண்ணில் நாலு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பால் குடித்தன. வேலியைத் தாண்டி அது எப்போது உள்ளே வந்தது, நான் எப்படிக் காணாமல் விட்டேன் என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலில் சாக்கை மெதுவாக மூடினேன்.

அன்றைக்கென்று உம்மா வந்து சேர்ந்தார்.

"இதென்னகா இது? புள்ள வளருற வளவுக்குள்ள நாய் குட்டி போட்டுக் கிடக்கு."

"வெளியிலதானே உம்மா. ஊட்டுக்குள்ள இல்லையே."

"நாய் இரிக்கிற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க."

"வளவுலதானே இரிக்கி."

"உன்ட வேலி மலக்குமாருக்குத் தெரியுமா?" என்றார் உம்மா. பிறகு குனிந்து சாக்கின் ஓரத்தால் பார்த்தார். "நாலு. அந்தக் கறுப்பனுக்குப் பால் எட்டல்ல போல" என்றார். அதன்பின் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "மருமகன் வரட்டும்" என்றார்.

கணவர் வெள்ளிக்கிழமை வந்தார். குட்டிகளைப் பார்த்தார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் கதைத்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் திரிவீல் ஓட்டோ வைத்திருக்கிறாராம். தாயையும் குட்டிகளையும் ஒரு பெட்டியில் போட்டு, மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுவாராம். ஊரில் வழமையாக எல்லோரும் செய்வது அதுதான். சந்தைப் பக்கம் விடப்பட்ட குட்டிகள் லொறிச் சில்லுக்கு அடியில் முடிவதையும் எல்லோரும் வழமையாகக் காண்கிறோம்.

"பயிர்க் காவலுக்கு நாய் வைக்கலாம்தானே" என்றேன்.

"வைக்கலாம். யார் இல்லெண்ட? உங்கட பயிர் எங்க?"

பின்கதவால் எட்டிப் பார்த்தோம். தளிர் இழந்த கத்தரிக் கன்றுகள் கொஞ்சம் நின்றன, ஈர்க்குக் குத்தி வைத்தது போல.

"இதைக் காக்க ஒரு நாயும் நாலு குட்டியுமா?" என்றார். "ராணுவம் மாதிரி இரிக்கி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். யோசிக்க யோசிக்க மற்றவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படும். அன்றைக்கு ஏனோ, "குட்டி பால் மறக்கிற வரைக்கும் தவணை தாங்க. நான் பயிரைக் காட்டுறன்" என்றேன்.

அவர் பின்கதவைச் சாத்தினார். "சரி. தோட்டம் இரிந்தா நாய் இரிக்கட்டும். தோட்டம் இல்லாட்டி திரிவீல்" என்றார்.

அடுத்த நாளே மண்வெட்டியை எடுத்தேன். மகளை வாசற்படியில் பொம்மையோடு இருத்திவிட்டு, வாய்க்கால் பக்கம் வரை கொத்தினேன். கைகள் கொப்புளித்தன. உம்மா வந்து, "இவ்வளவு நாளும் இந்தக் காணி சும்மாதான் கிடந்த" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது பயற்றை விதையும் வெண்டி விதையும் கொண்டுவந்தார். மயிலுக்குப் பழைய மீன் வலை வாங்கிப் பாத்திகளின் மேல் கட்டினேன். மாமரத்தடியைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்து, நாய்க்குத் தனி வாசல் விட்டேன். குட்டிகள் அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம்.

மகள் ஒரு நாள் கிடுகு இடுக்கால் கையை விட்டாள். கறுப்பன் நக்கிவிட்டான். அவள் சிரித்துக்கொண்டு வந்து காட்டினாள், விரல்கள் பளபளவென்று ஈரம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுவது? மண் எல்லாம் நாயிடம் இருந்தது. வாய்க்கால் மேட்டுக்குப் போய், நகத்தால் மண்ணைச் சுரண்டி எடுத்து வந்து, ஏழு தரம் கழுவினேன். எண்ணிக்கை தவறியது போல இருந்ததால் முதலிலிருந்து திரும்பக் கழுவினேன். அவள் கத்தி அழுதாள். பின்னேரம் பார்த்தால், பொம்மையின் கையில் மண்ணைப் பூசிக் கழுவிக்கொண்டிருந்தாள். "கறுப்பன் கொஞ்சின" என்று எனக்கு விளக்கமும் சொன்னாள். சுத்தத்தைச் சொல்லிக் கொடுத்தேனா, பயத்தைச் சொல்லிக் கொடுத்தேனா என்று அந்த முழு நாளும் மனம் அரித்தது. ஆனாலும் மறுநாள் கிடுகை இன்னும் நெருக்கிக் கட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றப் போனேன்.

பங்குனி வெயிலில் பயற்றை கொடி பிடித்தது. கச்சான் கடலை போட என்று வெளியாக்கிய கடைசித் துண்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி வந்து குந்தியது. கிட்டப் போனால் என் தலைக்கு மேல் பறந்து கத்தும். ஒரு நாள் அது எழும்பிய இடத்தைத் தூர நின்று குறித்துக்கொண்டு, மெல்லக் கிட்டப் போனேன். வெறுந்தரையில், கூடு என்று சொல்ல ஒன்றுமில்லாமல், மண் கட்டிகளைப் போலவே புள்ளி போட்ட முட்டைகள். இன்னோர் அடி எடுத்து வைத்திருந்தால் மிதித்திருப்பேன். கச்சான் விதை ஈரச் சீலையில் முளை கட்டியபடி காத்திருந்தது. தவணையும் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் அந்தத் துண்டைச் சுற்றி நாலு கம்பு நட்டுவிட்டு, கச்சானை வேலியோரம் நெருக்கமாகப் போட்டேன்.

நாய் அந்தப் பறவையை என்ன செய்யும் என்பது அடுத்த பயம். ஒரு தரம் அந்தப் பக்கம் போனது. ஆட்காட்டி செட்டையை விரித்துக்கொண்டு நேரே முகத்துக்கு வந்தது. நாய் தலையைத் திருப்பிக்கொண்டு, வேறு ஏதோ வேலையாக வந்தது போல, வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. முள்ளம்பன்றி வந்த தடம் மட்டும் ஒரு காலை வேலிக்கு வெளியே இருந்தது. வேலி வரைதான். அதைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன். நாய்க்கு ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம்.

குட்டிகள் சோறு தின்னத் தொடங்கின. தவணை முடிந்த வெள்ளிக்கிழமை கணவர் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பாத்தி பாத்தியாக நடந்தார். நான் பரீட்சைப் பிள்ளை போலப் பின்னால் போனேன். வெண்டி பூத்திருந்தது. பயற்றை முழம் முழமாகத் தொங்கியது. கத்தரி திரும்பத் தளிர்த்து முதல் காயும் காய்த்திருந்தது. கடைசித் துண்டில் நின்றார்.

"இது ஏன் தரிசாக் கிடக்கு?"

"அதில ஆட்காட்டி அடைகாக்குது."

"நாய்க்கு ஒரு தோட்டம், குருவிக்கு ஒரு காணி. எனக்கு என்ன இரிக்கி இந்த வளவுல?"

"கத்தரிக்காய்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் திரிவீல் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. குட்டிகளை அவரே ஆள் தேடிக் கொடுத்தார், வயல் காவலுக்கும் தென்னந்தோட்டத்துக்கும். கறுப்பனைக் கொடுத்த அன்று மகள் சாப்பிடவில்லை. ஊரில் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட வந்தவர்களிடம் தாய் நாயைக் கொண்டுபோய்க் காட்டியவரும் அவர்தான். கையில் பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டு போனார், திரும்பி வந்து ஏழு தரம் கழுவினார். மண் நான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அதை மூடி போட்ட வாளியில் வைத்திருக்கிறேன்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது, தோட்டம் இருந்தால் நாய் இருக்கட்டும் என்று. சித்திரை கழிந்ததும் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியது. அனல் போல வரும், உடுப்பு கொடியில் ஏறுவதற்குள் காயும். பயற்றை இலை ஓரம் கருகிவிட்டது. வெண்டி உயரவில்லை. ஆட்காட்டிக் குஞ்சுகள் என்றைக்கோ ஓடிப்போன அந்தத் துண்டையும் கொத்திப் பார்த்தேன், மண்வெட்டி கல்லில் பட்டது போலத் தெறித்தது. கிணற்றில் வாளி அடி தட்டுகிறது. குளிப்புக்கும் சமையலுக்கும் போக மிஞ்சும் தண்ணீரைத்தான் பாத்திக்கு ஊற்றலாம்.

கணவர் இனிமேல் நாயைத் துரத்தமாட்டார் என்று நினைக்கிறேன். அவர் கேட்காவிட்டாலும் என் மனம் கேட்கிறது. பயிர் இல்லாத வளவில் பயிர்க் காவல் என்று சொல்லி நாயை வைத்திருப்பது என்ன நிய்யத்து, மனதில் என்ன எண்ணம்? அதனால் அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்துக் காலையும் பின்னேரமும் ஊற்றுகிறேன். விடப்போவதில்லை. கிழிந்த காதுக்காரி வேலியோரம் படுத்து, நான் வாளியோடு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதை வாசிக்கிறவர்களில் கிழக்குக் கரையில் தோட்டம் செய்கிறவர்கள் இருப்பீர்கள். களியும் மணலும் கலந்த மண், குறைந்த கிணற்றுத் தண்ணீர், நேரே முகத்தில் அடிக்கிற கச்சான் காற்று. இதில் அடுத்த மழை வரைக்கும் உயிரோடு நிற்கக்கூடிய பயிர் எது? மரவள்ளித் தடியை இப்போது ஊன்றலாமா, மழைக்காகப் பொறுக்க வேண்டுமா? காற்றை மறிக்க மேற்குப் பக்கம் என்ன நடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிறைய விளைய வேண்டும் என்றில்லை. காவல் காக்க வேண்டிய ஒரு பாத்தி பச்சையாக நின்றால் எனக்குப் போதும்.