வசந்தி செய்த ஒலிப்பெட்டிகள்

நான்காம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். வசந்தியின் தம்பி சேகர் ஏழு தடவை அழைப்பு எடுத்திருந்தார். திரும்ப எடுத்ததும், "டீச்சர், அக்கா போயிற்றா" என்றார். எனக்கு விளங்கவில்லை. எங்கே என்று கேட்டுவிட்டேன். "காலையில நெஞ்சு அடைக்குது எண்டவ. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் வந்தவ." வசந்திக்கு நாற்பத்துநான்கு வயது.

களுவாஞ்சிக்குடியில் போன் திருத்தக் கொடுத்தவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் மின்பலகைகளுக்குச் சோல்டர் பிடித்தவர், தாய் படுக்கையில் விழுந்ததும் ஊருக்குத் திரும்பிக் கடை போட்டார். கட்டாரிலிருந்து வந்த ஒருவர் பழுதான சிந்தசைசர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தக் கடையில்தான். மின்சாரத்தில் இசையொலி எழுப்பும், சாப்பாட்டுப் பெட்டியளவான சின்னக் கருவி. பூட்டிய திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்ததைப் பற்றி வசந்தி எனக்குப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்: "இதுக்குள்ள மந்திரம் ஒண்டுமில்ல டீச்சர். நாலஞ்சு பேர், ஆளுக்கொரு வேலை செய்றானுகள்."

அந்தக் கருவிக்குள் ஒரு துண்டு ஒலியை எழுப்பும். ஒன்று அதன் கூர்மையைக் குறைக்கும். இன்னொன்று அதை மெல்ல எழவும் அடங்கவும் செய்யும். வயர்களை மாற்றிக் கொழுவினால் வேறு ஒலி. இந்தத் துண்டுகளைத் தனித்தனிச் சின்னப் பெட்டிகளாக அவரே செய்யத் தொடங்கினார். வெளிநாட்டுப் பெட்டி வாங்க வழியில்லாமல் வீட்டில் தனியே வாசிக்க ஆசைப்பட்டவர்கள் தேடி வந்தார்கள். வவுணதீவிலிருந்து ஒரு தையற்காரி வந்தார். பெரியகல்லாற்றுத் தோணிக்காரர் ஒருவர் வந்தார். எல்லோருக்கும் முதலில் ஒரு துண்டுதான். "இது ஒண்டோட பழகுங்க. மறுகா வந்து அடுத்ததக் கேளுங்க."

நான் போனது இசைக்காக அல்ல. சங்கீத ஆசிரியையான எனக்கு, தொண்டையில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல் போய்விட்டது. கரகரத்த காற்றுத்தான் மிச்சம். பழைய பாட்டுகள் பதிந்திருந்த போனும் ஒருநாள் செத்துவிட, அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் வசந்தி அதை உயிர்ப்பித்திருந்தார். "ஆருட குரல் டீச்சர் இது?" என்றார். "என்ட" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பினார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மேசையில் ஒரு புதுப் பெட்டி. வசந்தி ஒரு குமிழைத் திருப்ப, ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது. என் பதிவிலிருந்து ஒரு கீற்றை எடுத்து உள்ளே வைத்திருந்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆரக் கேட்டு எடுத்தீங்க?" என்றேன். "நீங்க சந்தோசப்படுவீங்க எண்டு..." என்று அவர் தொடங்க, நான் விடவில்லை. "போன் திருத்துற உங்களுக்குச் சங்கீதத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு வெளியேறினேன். சத்தமாகக்கூட வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

ஐந்து மாதம் நாங்கள் பேசவில்லை.

மாரி மழையில் ஒரு பின்னேரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார், அவர்தான் நனைந்திருந்தார். துவாயை வாங்கிக் கையை மட்டும் துடைத்தார். பெட்டியைத் திறந்து, நகமளவு சில்லு ஒன்றை இடுக்கியால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதில இரிக்கிறது உங்கட குரல். கேக்காம எடுத்தது என்ட பிழை."

பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இப்ப இதுக்குக் குரல் இல்ல. வெறும் வண்டுச் சத்தம்தான். விரல வெச்சுப் பாருங்க."

விரலை இழுத்துப் பார்க்க ஒரு நீளப் பட்டி பொருத்தியிருந்தார். கீபோர்ட்டைப் போலப் படிப்படியாகத் தாவாமல், பாடும் குரலைப் போல ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போனது. எனக்காகவே அப்படிச் செய்திருந்தார் என்பது அப்போது விளங்கியது. சட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு இழுத்தேன். தாராக் குஞ்சு கத்தியது போல வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். குரல் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அதன்பின் மூன்று வருடம் அந்தப் பட்டியில்தான் பாடினேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பாடசாலை விழாவில் முதன்முறை வாசித்தபோது வசந்தி கடைசி வரிசையில் நின்றார். பக்கத்திலிருந்த ஒருவர், "இதென்ன, இயந்திரச் சத்தம்" என்று முகம் சுளித்தாராம். "ஓம், இயந்திரம்தான். ஆள் அங்க மேடையில இரிக்கிறா, பாருங்க" என்றாராம் வசந்தி. சேகர்தான் பிறகு சொன்னார்.

வசந்தியின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குத் தையற்காரியும் தோணிக்காரரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். யாரும் வாசிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்கள்.

அன்று மழையில் வந்து தன் பிழையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் வீட்டில், என் நாற்காலியில், ஈரச் சேலையோடு உட்கார்ந்து தேநீரும் குடித்தார். கடையில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னதைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. வசந்தி எனக்குத் தந்தவை பல. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் கைக்கு வருவது, நான் அவரிடம் கேட்காமல் வைத்துக்கொண்ட அந்த ஒரு மன்னிப்புத்தான்.