ஒரே முகவரி, இரண்டு டிடிஎல்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி சர்வர் ரூம் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர் இருக்கிறதே... சால்டர் புகையில் எட்டு மணி நேரம் அசெம்பிளி லைனில் நின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

ஐடி டீமில் ஆள் குறைந்ததால், டிப்ளமோ கம்ப்யூட்டர் படித்த என்னை ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். தேறாவிட்டால் மறுபடி லைன்தான். சுங்குவார்சத்திரம் ரூமில் எல்லாரிடமும் பெருமையடித்தும் ஆயிற்று.

நாலாம் நாள், லைனில் ஒரு டெஸ்டிங் மெஷின் விட்டு விட்டு வேலை செய்தது. ரிசல்ட் சர்வருக்குப் போகவில்லை. ஐடி இன்சார்ஜ் டேவிட் சார் கேபிளை மாற்றினார், ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினார். ம்ஹூம்.

நான் சும்மா, 'இருக்கிறாயா?' என்று கேட்பதுபோல, அந்த மெஷினின் முகவரிக்கு பிங் போட்டுக்கொண்டிருந்தேன். பதில் வந்தது, டிடிஎல் 128. கொஞ்சம் நின்றது. மறுபடி வந்தது...

டிடிஎல் 64!

புல்லரித்துவிட்டது. பாலிடெக்னிக்கில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த ஐபி ஹெட்டர் படம் கண்முன் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் அனுப்புகிற முகவரி, போய்ச்சேரும் முகவரி, இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண் எல்லாம் இருக்கும். அந்த எண்தான் டிடிஎல். விண்டோஸ் 128-இல் தொடங்கும், லினக்ஸ் 64-இல். நடுவில் ரவுட்டரே இல்லை, குறைய வழியில்லை. அப்படியென்றால் ஒரே முகவரியில் இரண்டு மெஷின்கள் பதில் சொல்கின்றன!

துள்ளிக் குதிக்காத குறை. அடுத்த நொடியே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

எங்கள் லைனில் ஒரு பழக்கம். புது மெஷின் வந்தால் பக்கத்து மெஷின் செட்டிங்கை வரி விடாமல் அப்படியே ஏற்றிவிடுவோம். போன வாரம் வந்த லினக்ஸ் மெஷினுக்கு இந்த மெஷினின் செட்டிங்கை அப்படி ஏற்றியவள் நான். ஐபி முகவரியையும் சேர்த்து!

சத்தமில்லாமல் நம்பரை மாற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க வாய் கேட்கவில்லை.

"சார், ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி. போட்டது நான்தான்."

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். அப்புறம் என்னை.

"டிடிஎல்ல வச்சிகினா கண்டுபுட்ச? இன்னொரு வாட்டி போடு, நானும் பாக்கறேன்."

நம்பரை மாற்றினோம், மெஷின் ஓடியது. நான் லைனுக்குத் திரும்பவே இல்லை.

இப்போது அதே டீமில் நான் சீனியர். முகவரியைச் சர்வரே கொடுக்கிறது. இரண்டு மோதினால் ஸ்கிரீனில் சிவப்பாக வந்து, எந்த மெஷின் என்பதையும் அதுவே சொல்லிவிடும். வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வந்த வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும், இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிய அந்தச் சந்தோஷம்... அது அப்புறம் எனக்கு வரவே இல்லை.