பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

பி.சி.ஏ. முடித்த கையோடு சேவுகம்பட்டியில் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் தீபா. விடியுமுன் பூ எடுப்பாள், மாட்டைப் பார்ப்பாள், ஒரு வேலைக்கும் முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் நாலு பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

ஊரில் பாதி வீடுகளில், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் பீரோவுக்குள் செத்துக் கிடந்தது. ஹார்ட் டிஸ்க்தான் போயிருக்கும், மற்றதெல்லாம் கல்லுக்குண்டாக இருக்கும். தீபா ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி வைத்திருந்தாள். அதைச் சொருகினால் போதும், டிஸ்க் போன லேப்டாப்பும் எழுந்து உட்காரும். மாமியார் ஜக்கம்மாளுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "வெரல்தண்டிக் குச்சிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்காம்ல!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

விஜயதசமி காலையில் தீபாவின் வீட்டிலேயே வகுப்பு ஆரம்பம். தெருப் பெண்கள் ஆளுக்கொரு லேப்டாப்போடு வந்துவிட்டார்கள். பின்னாலேயே பழைய இரும்பு எடுக்கும் அய்யனாரும் வாசலில் வண்டியை நிறுத்தினார். ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவரை வரச்சொன்னதே இந்தப் பெண்கள்தான். என்ன ஒரு நம்பிக்கை பாருங்கள்!

இதற்குள் பென்டிரைவைக் காணோம். தீபா அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாள்.

"எதுக்கு இம்புட்டு உருட்டு? சாமிகிட்ட இருக்கு" என்றாள் ஜக்கம்மாள், அலட்டிக்கொள்ளாமல்.

முதல் நாள் ஆயுத பூஜைக்கு வைத்த மண்வெட்டிக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும் நடுவில் அது படுத்திருந்தது. மேலே குங்குமம், பக்கத்தில் ஒரு மல்லிகை. சொருகும் வாய் முழுக்கச் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"ஐயோ அத்த! என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜக்கம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னத்தப் பண்ணிட்டேன்? மம்பட்டிக்கு வச்சேன், மோட்டாருக்கு வச்சேன். நீ தொழில் பண்ற சாமான மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

தீபாவின் கோபம் வந்த வழியே போய்விட்டது. தொழில் என்று இந்த வீட்டில் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் லேப்டாப்பை ஓட்டாதே! தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைப் பொடிப்பொடியாகச் சுரண்டினாள். ஊதினாள், துடைத்தாள், முன்னால் இருந்த லேப்டாப்பில் சொருகினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. அய்யனார் சாக்கை உதறினார்.

"செத்த நேரம் இருங்கண்ணே" என்று தீபா மறுபடியும் உருவி, மூலையில் ஒட்டியிருந்த துணுக்கையும் எடுத்துவிட்டுச் சொருகினாள். வரிவரியாக எழுத்து ஓடியது. பிறகு திரை முழுக்க நீலம் பூத்தது.

"ஆத்தி! என் மகன் லேப்டாப்புதான இது? வந்திருச்சே!" என்று ஒருத்தி கத்தினாள். உடனே, என்னுடையதில் போடு, என்னுடையதில் போடு என்று ஒரே இரைச்சல். அய்யனார் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானும் எட்டிப் பார்த்தார்.

தீபா எவ்வளவு கத்தியும் அடங்கவில்லை. ஜக்கம்மாள்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"ஏய், வாய மூடிட்டு வரிசையா உக்காருங்கடி! டீச்சர் பேசுறா, தெரியல?"