காஜா அக்கா ஏரி பார்க்கப் போன கதை

காஜா அக்காவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது சட்டைக் கம்பெனி. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே காஜா மிஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுகிற மிஷின் அது. வயதாகி வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும் அங்கிருந்து அவளை எழுப்பவில்லை. மிஷினுக்கு நேர் எதிரே சுவர், சுவரில் ஒரு எண்ணெய்க் கறை. ஊரில் பாதி ஆம்பளைகள் நெஞ்சை மூடிக்கொண்டு மரியாதையாக நடக்கிறார்கள் என்றால் அது அவள் கைவேலை. அந்த ஆம்பளைகளெல்லாம் எங்கெங்கேயோ போய் என்னென்னவோ பார்த்தார்கள். அவள் கறையைப் பார்த்தாள்.

அதனால்தான், வயதானவர்களுக்கு என்று இலவச பஸ் பாஸ் கைக்கு வந்ததும் அவள் அதை ஒரு வாரம்கூடச் சும்மா தூங்க விடவில்லை. துணைக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். வியாழக்கிழமை காலையில் கிளம்பினால் பொழுது சாயத் திரும்புவார்கள்.

முதல் ஆள் சூப்பிரண்டு. ஏதோ ஒரு ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவர். என்ன ஆபீஸ் என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். முடிவில் கேட்டவருக்கு அது ஒன்று மட்டும் விளங்கியிருக்காது. அடுத்தவர் கம்பவுண்டர். டாக்டரிடம் மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். டாக்டர் காலமானதும் அவருடைய இருமலையும் தோரணையையும் இவர் எடுத்துக்கொண்டார். மூன்றாவது பேக்கரியம்மா. கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்தது தப்பு என்று வாரம் ஒருமுறை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதற்காகவே பஸ் ஏறுகிறவள்.

இவர்கள் ஊர் சுற்றிய லட்சணத்தைக் கேளுங்கள். ஏரி இருக்கிற ஊருக்கு ஒரு வாரம், கோட்டை இருக்கிற ஊருக்கு ஒரு வாரம், பூங்கா இருக்கிற ஊருக்கு ஒரு வாரம் என்று சூப்பிரண்டு முறை வைத்திருந்தார். பஸ் அந்த ஊர் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நிற்கும். திரும்பி வருகிற பஸ் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே உறுமிக்கொண்டு நிற்கும். நால்வரும் இதிலிருந்து இறங்கி அதற்கு ஓடுவார்கள். வெயில் படாத பக்கமாகப் பார்த்து நாலு ஜன்னலுக்குள் சூப்பிரண்டு நாலு கைக்குட்டையை எறிவார். சீட்டுப் பிடித்தாகிவிட்டது. இரண்டு பேர் காவல், இரண்டு பேர் கழிப்பறை. பிறகு அவர்கள் காவல், இவர்கள் டீ. கண்டக்டர் விசில் கொடுப்பார். வந்த வழியே வீடு.

அவ்வளவுதான் சுற்றுலா. எந்த ஊர்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழும், எந்த ஊர் டீ சுடுதண்ணி என்றெல்லாம் நால்வருக்கும் அத்துப்படி. ஏரி கிழக்கா மேற்கா என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

“அடுத்த வண்டி ரெண்டு மணி நேரம் கழிச்சுதான்” என்று சூப்பிரண்டு ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுவிட்டார். “அதுல மில் ஆளுங்க ஏறுவாங்க, உக்கார இடம் கிடைக்காது. நின்னுட்டு வந்தா முட்டி போயிடும். முட்டி போனா வியாழக்கிழமையும் போச்சு. யோசிச்சுக்கோங்க.”

யோசித்தார்கள். நியாயம்தான் என்று பட்டது. இப்படியே காலம் ஓடியது.

காஜா அக்காவுக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஜன்னலோரம் கிடைத்தால் போதும். வெளியே ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவான். ஒரு வீட்டு மாடியில் இரண்டு பேர் மெத்தையை அடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று தெரிவதற்குள் பஸ் திரும்பிவிடும். அவளே ஒரு முடிவைப் போட்டுக்கொள்வாள்.

வினை வீட்டில்தான் வந்தது. முதல் தடவை போய்விட்டு வந்ததும் மருமகள், “ஏரி எப்படி அத்தே இருந்துச்சு?” என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வந்தோம் என்று எந்த வாயால் சொல்வது? “நல்ல தண்ணி” என்று சொல்லி வைத்தாள். அடுத்த முறை மருமகள் கேட்டபோது நாலு வாத்து வந்தது. அதற்கடுத்த முறை இறங்கி உட்காரக் கல்படி. வாத்து குஞ்சு பொரித்தது. ஒரு படகும் வந்து, படகுக்காரனுக்கு ஒரு கால் கொஞ்சம் ஊனம் என்றும் ஆனது. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஏரியை அவள் நூல் பிசகாமல் தைத்திருந்தாள்.

அந்த ஏரியால்தான் அவளுக்கு வியாழக்கிழமை நிலைத்தது. ஒருமுறை பஸ் படியில் கால் இடறி அவள் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது மகன் குதித்தான்.

“இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா? பேசாம வீட்டுல இருங்க.”

மருமகள்தான் குறுக்கே விழுந்தாள். “ஏங்க, அத்தை நடக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. ஏரியைச் சுத்தி நடக்குறாங்க, நல்ல காத்து வாங்குறாங்க. அதைப் போய்க் கெடுப்பீங்களா?”

“நடக்குறதுன்னா சரி” என்றான் மகன். “சும்மா பஸ்ஸுல உக்காந்து குலுங்கிட்டு வர்றதா இருந்தா, அன்னிக்கே நிறுத்திடுவேன்.”

அவனுக்குச் சொந்தமாக ஒரு கார் உண்டு. கடனில் வாங்கி, உறை போட்டு, வீட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தான். எடுத்தால் திரும்பி வரும்போது நிறுத்த இடம் போய்விடும் என்று எடுப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவான். இவன்தான் பஸ்ஸில் சும்மா உட்காருவதைப் பற்றிப் பேசினான்.

ஒரு புதன்கிழமை மருமகள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “அத்தே, எங்க அக்கா குடும்பத்தோட வர்றா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏரிக்குப் போறோம். இவரு காரை எடுக்குறேன்னுட்டாரு. நீங்கதான் முன்னால உக்காந்து வழி சொல்லணும்.”

ஏரியைச் சுற்றி நடக்கிறவளுக்கு ஏரிக்கு வழி தெரியவில்லை என்றால் மகன் விடுவானா? இத்தனை நாள் செய்தது என்ன என்று கேட்பான். வியாழக்கிழமைக்கு அதோடு முழுக்கு. இடையில் இருந்தது ஒரே ஒரு வியாழன்.

மறுநாள் கோட்டை ஊர் முறை. அவள் அடம் பிடித்து ஏரி ஊருக்கு மாற்ற வைத்தாள். வண்டி ஊர் எல்லை தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

“சார், அந்த ஏரி எந்தப் பக்கம் வரும்?”

“பெரிய ஏரிம்மா அது” என்றார் சூப்பிரண்டு.

“பாத்திருக்கீங்களா?”

“பாக்கணுமா என்ன? ஊர் பேர்லயே ஏரி இருக்கு. அரசாங்கம் சும்மா வைக்குமா?”

கம்பவுண்டர் இருமிக்கொண்டு, “தாமரை நிறைய” என்றார். “என் சம்சாரத்துகிட்ட எப்பவும் சொல்வேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாமரைதான்.”

“தாமரை அப்படி அடைச்சுக் கிடந்தா படகு எப்படிப் போகும்?” என்று காஜா அக்கா கேட்டாள்.

“படகா? படகு ஏது?”

“என் ஏரியில இருக்கு.”

பேக்கரியம்மா திரும்பி உட்கார்ந்தாள். “நடுவுல ஒரு மண்டபம் இருக்குன்னு நான் என் மகனுங்ககிட்ட சொல்லியிருக்கேன். உங்க படகை விட்டாத்தானே என் மண்டபத்துக்குப் போக முடியும்? அவர் தாமரையைக் கொஞ்சம் பிடுங்கச் சொல்லுங்க.”

“பிடுங்க மாட்டேன்” என்றார் கம்பவுண்டர். கோபமாகத்தான் சொன்னார். அது அவர் நட்டது.

நாலு பேரும் நாலு ஏரியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் வெளியே வந்தது.

“நான் இன்னிக்கு இறங்கிப் பாக்கப் போறேன்” என்றாள் காஜா அக்கா.

“திரும்புற வண்டி?” என்றார் சூப்பிரண்டு.

“போகட்டும்.”

“உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, இல்லாத ஆளுக்கு நான் கைக்குட்டை போட மாட்டேன். ஒருத்தருக்காகச் சட்டத்தை வளைச்சா நாளைக்கு எல்லாரும் ஏரி பாக்கணும்பாங்க.”

ஸ்டாண்டில் இறங்கியதும் மற்ற மூவரும் பக்கத்து வண்டிக்கு ஓடினார்கள். காஜா அக்கா முதன்முதலாக எதிர்ப்பக்கம் நடந்தாள். வாசலில் ஒருவர் குடைக்கடியில் உட்கார்ந்து பூட்டுக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஏரிக்கு எப்படிப் போகணும்?”

சாவிக்காரர் அரத்தை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “போக வேண்டாம்மா. வந்துட்டீங்க.”

“எங்க?”

கையிலிருந்த சாவியால் தரையைக் காட்டினார். “இதான். நீங்க நிக்குறது நல்ல ஆழமான இடம். அதோ, மூணாம் பிளாட்பாரம் மதகு. தூர்த்துட்டுத்தான் ஸ்டாண்டு கட்டினாங்க. எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே.”

“ஒண்ணுமே மிச்சம் இல்லையா?”

“ஏன் இல்ல, கழிப்பறைக்குப் பின்னால ஒரு குட்டை இருக்கு. ‘ஏரியைக் காப்போம், குப்பை கொட்டாதீர்’னு போர்டும் இருக்கு. போர்டு தெரியணும்னா மேல கிடக்குற குப்பையை அள்ளணும். மழை வந்தா மட்டும் ஏரி கோவிச்சுட்டு வரும். அன்னிக்கு நீங்க வந்திருந்தா முட்டியளவு பாத்திருக்கலாம்.”

காஜா அக்கா திரும்பிப் பார்த்தாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று ஜன்னலில் மூன்று தலை. கம்பவுண்டர் கையை ஆட்டினார். ஓடி வா என்கிறாரா, போய் வருகிறேன் என்கிறாரா என்று புரியவில்லை. நாலாவது ஜன்னலில் யாரோ ஒரு மீசைக்காரர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

அந்த மீசையைப் பார்த்ததும்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. ஏரி இல்லை என்று கேட்டபோது எரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். ஏரி இருந்தால் என்ன, தூர்ந்தால் என்ன? அவள் எந்தக் காலத்தில் ஏரிக்கு ஆசைப்பட்டாள்? அந்த ஜன்னல், அந்தக் காற்று, ஏணியோடு போகிற சைக்கிள்காரன், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதை வாங்குவதற்கு ஒரு ஏரியைக் காட்ட வேண்டியிருந்தது. சும்மா பிடித்திருக்கிறது என்று சொன்னால் இந்த உலகத்தில் யாரும் எதையும் கொடுப்பதில்லை. நடக்கிறேன், உடம்புக்கு நல்லது, டாக்டர் சொன்னார் என்றால் கொடுக்கிறார்கள்.

அடுத்த வண்டியில் மில் ஆட்களோடு நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். முட்டி இரண்டும் அழுதன. வாசலிலேயே மகன் நின்றிருந்தான்.

“எங்கம்மா போனீங்க இவ்வளவு நேரம்?”

“ஏரி பாக்கப் போனேன்.”

“எப்பவும் போறதுதானே?”

“இன்னிக்குத்தான் போனேன்” என்று அவள் செருப்பைக் கழற்றினாள். “ஏரி இல்ல. அது மேல பஸ் ஸ்டாண்டு கட்டி உன் வயசு ஆச்சு. ஞாயித்துக்கிழமை காரை எடுக்காதே, இடம் போயிடும்.”

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “அப்ப அந்த வாத்து, அத்தே?”

“அது என்னுது.”

“கல்படி?”

“அதுவும்.”

“அந்தப் படகுக்காரரு... பாவம், கால்...”

“அவன் நல்லாத்தான் இருப்பான், விடு.”

மகன் இடுப்பில் கை வைத்தான். “அப்ப இத்தனை நாளா அங்க போய் என்னதான் பண்ணுனீங்க?”

“பஸ்ஸுல உக்காந்திருந்தேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான். உன்னைப் படிக்க வச்ச காலம் பூரா செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தேன். இப்ப ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கேன். உக்காருறதுல எனக்கு இருக்குற சர்வீசு உனக்கு இல்லப்பா.”

“அதெல்லாம் முடியாது. அன்னிக்கே சொன்னேன். இனிமே வியாழக்கிழமை கிடையாது. வீட்டுல இருங்க.”

“சரி” என்றாள் காஜா அக்கா. வழக்கு வாதம் ஒன்றும் பண்ணவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனாள். “இருக்கேன். வியாழக்கிழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கேன். இந்த டப்பாவெல்லாம் வச்சிருக்குற முறையே சரியில்ல. ஒண்ணொண்ணா இறக்கி நானே அடுக்கித் தர்றேன்.”

மருமகளுக்கு முகம் வெளுத்துப்போனது. வீட்டு வேலையிலிருந்து அவளுக்கு வாரத்தில் வியாழன் ஒன்றுதான் லீவு. அந்த ஒரு நாள் பகலெல்லாம் வீட்டில் யாரும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட எடுத்து வைக்காமல் சோபாவில் கவிழ்ந்து கிடப்பாள். டாக்டர் நடக்கச் சொன்னதையும் நல்ல காற்றையும் அவள் தலைமேல் தூக்கிச் சுமந்தது எதற்காக என்று இப்போது எல்லாருக்குமே தெரிந்துபோயிற்று, அவள் புருஷனைத் தவிர.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்று அவனிடம் பாய்ந்தாள். “பெத்தவங்க ஆசையா பஸ்ஸுல போயிட்டு வந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுது? நீங்க வாங்கின கார் மட்டும் நடக்குதா? அத்தே, அந்த டப்பாவைக் கீழ வைங்க. வியாழக்கிழமை நீங்க போறீங்க. மழை பெஞ்சாலும் போறீங்க.”

மகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனான்.

“உங்க அக்காகிட்ட என்ன சொல்லுவே?” என்றாள் காஜா அக்கா.

மருமகள் நெற்றியைத் தேய்த்தாள். “வாத்து, படகு எல்லாம் சொல்லிட்டேன் அத்தே. அதோட... சொன்னா திட்டாதீங்க, நடுவுல ஒரு ஃபவுண்டனும் சேத்துச் சொல்லிட்டேன்.”

“கலர் லைட்டோடவா?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றாள் மாமியார்.

மருமகள் போனை எடுத்தாள். “அக்கா, ஏரியை ரிப்பேர் பண்றாங்களாம். ஆமாக்கா, தண்ணியெல்லாம் வெளிய எடுத்துட்டாங்க. எப்ப முடியுமோ தெரியல, அரசாங்க வேலைதானே.” அந்தப் பக்கம் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று அலுத்துக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு, மாமியாரின் முட்டிக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தாள். “இனிமே ஏரி, கோட்டையெல்லாம் வேண்டாம் அத்தே. பஸ்ஸுல நடந்ததைச் சொல்லுங்க.”

காஜா அக்கா காலை நீட்டிக்கொண்டாள். “இன்னிக்கு ஒருத்தி கைப்பைக்குள்ள ஒரு சேவலை வச்சுக்கிட்டு, அதுக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன்னு கண்டக்டர்கிட்ட நின்னா பாரு...” என்று ஆரம்பித்தாள்.