இரண்டு ஊசி போட்ட மனிதர்

என் கணவர் சின்னசாமிக்கு முதலில் இருமல் வரவில்லை. சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தால் சட்டியை வழித்துவிடுகிற மனிதர், வாசனையே தெரியவில்லை என்று தட்டைத் தள்ளினார். "இன்னாய்யா, என் சமையல் அவ்ளோ மோசமா பூட்ச்சா?" என்று கேலி செய்தேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தட்டைத் தள்ளலாம். அதனால்தான் எழுதுகிறேன். கேலி செய்யுங்கள், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். உள்ளே போய்க் கஞ்சி கொடுப்பதும் துணி மாற்றுவதும் முன்பே அம்மை வந்து போனவர்களின் வேலை. அவர்களுக்கு மறுபடி வராது என்பது எங்கள் கணக்கு. பெரும்பாலும் அது தப்பியதில்லை.

கொரோனா தடுப்பூசி போட ஜீப்பில் ஆட்கள் மலையேறி வந்தபோது பாதி ஊர் காட்டுக்குள் ஓடிவிட்டது. என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். இரண்டாவது ஊசியையும் சொன்ன நாளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஊர் அவரை அம்மை வந்து போனவரைப்போல வைத்துக்கொண்டது. எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

பிறகு பூஸ்டர் (முன்பு போட்ட ஊசியின் வலு குறைவதால் மறுபடி போடுவது) வந்தது. முதல் ஊசிக்கு ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகக் கத்தினார்கள். இதற்குச் செல்போனில் செய்தி அனுப்பினார்களாம். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். ஒரு முகாமும் நடத்தினார்கள், புளி உலுக்குகிற காலத்தில். ஊரே மரத்தடியில் கிடந்தது. ஊசிக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோது என் கணவர் மரத்தின் மேல் இருந்தார். "ரெண்டு தபா போட்டாச்சே, இன்னும் இன்னாத்துக்கு?" என்று அங்கிருந்தே கேட்டார். வந்தவருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

அதற்கப்புறம்தான் என் கணவரின் தம்பி ராமன் காபித் தோட்ட வேலையிலிருந்து காய்ச்சலோடு திரும்பினான். வழக்கம்போல இவர் போய்ப் பார்த்துக்கொண்டார். ராமன் எழுந்துவிட்டான். இவர் படுத்துவிட்டார்.

உதடு நீலம் பாரித்த பிறகு ஆம்புலன்ஸ் கிடைத்தது. வேலூருக்குச் சற்று முன்னால் இருக்கும் கணியம்பாடி தாண்டும்வரை என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் நிமோனியா (நுரையீரலில் சளியும் நீரும் கட்டிக்கொள்வது) என்றார்கள். தாழ்வாரத்தில் ஓர் இளம் பெண் மருத்துவர் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஊசி போட்டிருக்காராம்மா?"

"ரெண்டும் போட்டாருங்க. எங்க ஊருலயே மொத ஆளுங்க."

"கடைசி ஊசி எப்போ?"

சொன்னேன். அவர் விரல்விட்டு மாதத்தை எண்ணினார்.

"ரொம்ப நாளாச்சேம்மா. மாசம் ஆக ஆக அதோட வலு குறைஞ்சிடும். இவருக்கு வயசாச்சு, சர்க்கரையும் இருக்கு. இவர மாதிரி ஆளுங்க திரும்பப் போட்டிருக்கணும்."

"அம்மை வந்தவங்களுக்குத் திரும்ப வராதுங்களே?"

"அது வேற, இது வேறம்மா. இந்தக் கிருமி மாறிக்கிட்டே இருக்கு. ஊசியக் குறை சொல்லாதீங்க. அதாலதான் நெறைய பேர் பிழைச்சாங்க."

நான் ஊசியைக் குறை சொல்லவில்லை. போடச்சொல்ல மலையேறி வந்தவர்கள், அது குறையும் என்று சொல்லவும் அதே சத்தத்தோடு வந்திருக்க வேண்டும். என் கோபம் அதுதான், இன்னும் ஆறவில்லை.

வென்டிலேட்டர் (எந்திரமே மூச்சை இழுத்து விடுவது) வைப்பதற்கு முன் என்னைப் பார்க்க விட்டார்கள். "ராமன் எப்படிக் கீறான்?" என்று கேட்டார். "நல்லாக் கீறான்" என்றேன். "அப்ப செரி" என்றார். அதற்குமேல் அவர் பேசவே இல்லை. பொங்கல் வருவதற்குள் போய்விட்டார்.

எனக்கும் காய்ச்சல் வந்தது. நான் பிழைத்தேன். ஏன் நான் மட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சமீபத்தில் மேலத் தெருவில் ஒரு கிழவருக்குக் காய்ச்சல். கொரோனாதான் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராமன் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, உங்களுக்கு வந்து போயிட்ச்சு. நீங்கதான் போய்ப் பாக்கணும்னு ஊருல சொல்றாங்க."

"உனக்குந்தான் வந்து போச்சு, ராமா."

அவன் வாசலைவிட்டு இறங்கிப் போனான்.

நான் முதலில் சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, ஊசி போடச் சொல்லிக் கேட்டேன். செவிலியர் என் முகத்தையும் கையையும் பார்த்தார். "அந்த ஊசி இப்ப வர்றதே இல்லைங்கம்மா. யாரும் கேக்கறதும் இல்ல" என்று இரண்டு முகக்கவசம் கொடுத்து அனுப்பினார்.

முன்பெல்லாம் நோய் என்றால் வரும், போகும், அதோடு முடிந்தது என்று இருந்தேன். இப்போது என் உடம்பு குதிரில் கொட்டிய சாமைபோல இருக்கிறது. தினமும் கொஞ்சம் குறைகிறது, எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்க முடியவில்லை. நாள் போவது என்றாலே எனக்கு இப்போது அப்படிக் குறைவதுதான்.

முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு மேலத் தெருவுக்குப் போனேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கிழவருக்குக் கஞ்சி கொடுத்தேன். தனக்கு வராது என்று நம்பி என் கணவர் காய்ச்சல் வீடுகளுக்குப் போனார். வரும் என்று தெரிந்தும் நான் போனேன்.