கோட்டை பார்க்கப் போய் வீடு பார்த்த கதை

2005ஆம் ஆண்டு கோடை விடுமுறை. மொன்றியலில் இருந்து பாரிசுக்கு, என் கணவரின் தங்கை மகளுடைய சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தோம். சடங்கு முடிந்த மறுநாளே இவர் ஒரு வாடகைக் காரை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். "இவ்வளவு தூரம் வந்திட்டு லா சப்பல் தமிழ்க் கடையிலை முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிப் போறதே? பிரான்சைப் பார்ப்பம்" என்றார்.

எத்தனையோ வருடமாகப் பாரிசிலேயே இருக்கும் மச்சாளுக்கு இது விளங்கவில்லை. "அண்ணை, அங்காலை கல்லும் மாடும்தானே இருக்கு" என்றாள். ஆனாலும் ஒரு போத்தல் உறைப்பான கட்டைச் சம்பலும் ஒரு டின் பருத்தித்துறை வடையும் தந்து அனுப்பினாள். கல்லையும் மாட்டையும் பார்க்கிற இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

நாங்கள் துணிந்து கிளம்பியதற்குக் காரணம், எங்களுக்குப் பிரெஞ்சு தெரியும் என்ற நினைப்பு. இவருடைய பிரெஞ்சு, மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில் கூட வேலை செய்த கியூபெக் மாகாணத்தவரிடம் பழகியது. பிரான்சில் இவர் வாயைத் திறந்தால் கேட்பவர் காதைக் கிட்டக் கொண்டு வருவார். என்னுடையது இன்னும் மோசம். நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தேன். என் பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுக்காரரிடம் படித்தது. யாராக இருந்தாலும் 'நீ' என்றுதான் எனக்கு வாயில் வரும். கையைக் கழுவு, வாயைத் துடை, தள்ளாதே, கடிக்காதே, இவை எல்லாம் சரளம். ஒழுங்கான பிரெஞ்சு எங்கள் பதின்மூன்று வயது மகளிடம் மட்டுமே இருந்தது. அவள் அந்தப் பயணம் முழுக்க எங்களுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரியே வந்தாள்.

தென்மேற்கே தோர்தோன் ஆற்றுப் பக்கம் போனோம். முதல் நாள் நிலத்துக்குக் கீழே ஒரு குகை. சுண்ணாம்புக் கல் மெழுகுதிரி உருகின மாதிரி மேலே இருந்து தொங்கியது. இவர் ஒவ்வொரு தொங்கலையும் வீடியோ எடுத்தார். அடுத்த நாள் ஒரு பழைய கோட்டை பார்ப்பதாகத் திட்டம். வழிகாட்டிப் பலகைக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. இவர் இடப்பக்கம் திருப்பினார். வால்நட் மரங்களுக்கு நடுவே ஒரு பக்கம் சின்னக் கோபுரம் வைத்த பெரிய கல் வீடு தெரிந்தது. கேற் திறந்து கிடந்தது.

"கோட்டை எண்டாங்கள், சின்னதாய்க் கிடக்கு" என்றேன்.

"படத்திலை எல்லாம் பெரிசாத்தான் தெரியும்" என்றார் இவர்.

மகள், இதுவரை பார்த்த கல்லே தனக்குப் போதும் என்று சொல்லி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டாள். டிக்கெட் கொடுக்கும் ஆளையும் காணவில்லை. சாப்பிடப் போயிருப்பான், பேந்து எடுப்பம் என்று இருவரும் உள்ளே போனோம்.

சமையலறையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தலையில் துணி கட்டி, முன்னாலே ஏப்ரன் கட்டி, மடியில் ஒரு வாத்தை வைத்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். மேலே செப்புச் சட்டிகள் தொங்கின. கியூபெக்கில் பழைய கிராமங்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் இடங்களுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த காட்சி. அந்தக்கால உடுப்புப் போட்டவர்கள் பாண் சுடுவார்கள், இரும்பு அடிப்பார்கள். எதைக் கேட்டாலும் அந்தக்காலத்து ஆள் மாதிரியே பதில் சொல்வார்கள். இவர் என் காதுக்குள் சொன்னார்: "என்ன மாதிரி நடிக்கிறா பார். உண்மையான வாத்து."

அந்த அம்மா எங்களைக் கண்டதும், வந்துவிட்டீர்களா என்பது போல் ஏதோ சொல்லி எழும்பினார். அவர் பேச்சில் எங்களுக்குப் பாதிதான் பிடிபட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, வாருங்கள் என்று முன்னே நடந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

முதலில் ஓர் அலுமாரியைத் தள்ளிக் காட்டினார். பின்னால் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. இவர் அதற்குள் கையை விட்டுப் பார்த்து, "அருமை, அருமை" என்றார். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். குளிர்காலத்தில் அதற்குள்ளால் காற்று வரும் என்று அந்த அம்மா சொன்னார். இவர் நெஞ்சில் தட்டி, "நாங்கள் மொன்றியல், குளிர் எங்களுக்கு விளையாட்டு" என்றார். அடுத்து அந்த அம்மா ஒரு குழாயைத் திறந்தார். அது இருமி இருமி மண்ணிறத் தண்ணீரைக் கக்கியது. "பார், இதைக்கூட மாத்தாமல் அப்பிடியே வைச்சிருக்கிறாங்கள்" என்று இவர் கை தட்டினார்.

பரணுக்கு ஏறினோம். கூரை ஒழுகும் இடங்களில் வாளிகள். மூலையில் எலிப் புழுக்கை. நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "எலிக்குட்டி கக்கா போட்டிருக்கு, கெட்டிக்காரி" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எதைக் காட்டினாலும் நாங்கள் மகிழ, மகிழ, அவர் முகம் வாடிக்கொண்டே போனது. திரும்பச் சமையலறைக்கு வந்ததும் மெல்லக் கேட்டார்: "உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறதா?"

இவர் கமெராவைத் தூக்கிக் காட்டி, தன் கியூபெக் பிரெஞ்சில், "நல்லாப் பிடிச்சிருக்கு. நாங்கள் எல்லாத்தையும் எடுப்பம். சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவம்" என்றார்.

அந்த அம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"இது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் இவர், நடிப்பைத்தான்.

எனக்கோ, அழுகிற முகத்தைக் கண்டால் வேலை ஞாபகம் தானாக வந்துவிடும். முன்னால் குந்தியிருந்து, ரிஷூத் தாளை அவர் மூக்கில் பிடித்து, "சீறு கண்ணே. அழக் கூடாது. பின்னேரம் அம்மா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவா" என்று சொல்லிவிட்டேன். எண்பது வயது மனுஷிக்கு. அழுகை சட்டென்று நின்றது. அவர் என்னையே வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மகள் கழிவறை தேடி உள்ளே வந்தாள். ஒரு வணக்கம் சொன்னாள், ஏதோ கேட்டாள். அந்த அம்மா மளமளவென்று பேச, மகளின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அம்மா, இது மியூசியம் இல்லை. இவவின்ரை வீடு. இண்டைக்கு வீடு வாங்கிறதுக்கு ஆக்கள் பார்க்க வருவினம் எண்டு சொல்லியிருந்தவையாம். நீங்கள்தான் அந்த ஆக்கள் எண்டு நினைச்சிட்டா."

"நான் எங்கை வாங்கிறன் எண்டு சொன்னனான்?" என்றார் இவர்.

"எல்லாத்தையும் எடுப்பம் எண்டு சொன்னீங்களாம்."

"நான் படம் எடுக்கிறதை எல்லே சொன்னனான்."

மகள் மிச்சத்தையும் சொன்னாள். தூலூசில் இருக்கும் மகன், தாய் தனியே இருப்பது ஆபத்து என்று வீட்டை விற்கச் சொல்கிறானாம். அந்த அம்மாவுக்கோ விற்க மனமில்லை. வருகிறவர்கள் பயந்து ஓடட்டும் என்றுதான் வெடிப்பையும் எலியையும் தேடித் தேடிக் காட்டியிருக்கிறார். நாங்கள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பூரிக்க, இனி வீடு போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுக்காதா என்றிருந்தது. இவர் கமெராவை மூடினார். பிறகு தமிழில், எங்களுக்கு மட்டும் கேட்க, "சண்டை நிண்ட சமாதான காலத்திலை எங்கடை வீட்டையும் தெற்கிலை இருந்து ஆக்கள் பஸ் பஸ்ஸாய் வந்து இப்பிடித்தான் படம் எடுத்தவை" என்றார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு சண்டையில் அடிபட்டு, அப்போது கூரை இல்லாமல் நின்றது. மகள் அதையும் பிரெஞ்சில் சொன்னாள். நாங்கள் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

அந்த அம்மா இவரைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "எலிக்குட்டி கக்கா" என்று என்னைச் சுட்டிச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். கதிரை ஆடும்வரை சிரித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பாணும் சூப்பும் மேசைக்கு வந்தன. நான் காரில் இருந்து சம்பலையும் வடையையும் கொண்டு வந்தேன். சம்பலைக் கரண்டியோடு வாயில் வைத்தவர் கண்ணீர் வழிய வழிய இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அப்போது வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. உண்மையாக வீடு வாங்க வந்தவர்கள். மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில் கணவனும் மனைவியும்.

அந்த அம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. பிறகு மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் இவரிடம் திரும்பி, "அப்பா, நீங்கள் ஆசை ஆசையாப் பார்த்தனீங்களாம். அதை அப்பிடியே இவைக்கும் காட்டச் சொல்லுறா" என்றாள்.

இவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதற்கு நான் சாட்சி. அலுமாரியைத் தள்ளி, கையை முழங்கை வரை வெடிப்புக்குள் விட்டு, "பாருங்கள், எவ்வளவு அழகு" என்றார். குழாயைத் திறந்தார். அது வந்த பெண்ணின் வெள்ளைக் காற்சட்டையில் இருமியது. எங்களோடு திரிய வெட்கப்பட்ட மகள், தகப்பனின் ஒவ்வொரு சொல்லையும் தெளிவான பிரெஞ்சில், ஓர் அருங்காட்சியக வழிகாட்டியைப் போல, திருப்பிச் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தாள். பரணுக்குப் போனவர்கள் போன வேகத்திலேயே இறங்கி வந்தார்கள். எலியே நேரில் வந்து வரவேற்றதாம்.

கார் புறப்பட்ட சத்தம் அடங்கும்வரை நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா முதலில் போய்க் கேற்றைச் சாத்தினார். பிறகு மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அந்தப் பயணத்தில் அன்றைக்குத்தான் எங்கள் பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது பூட்டியிருந்தது.

ஒவ்வொரு புது வருடமும் மகள் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பாள். வீடு அந்த வருடமும் விலைபோகவில்லை, அடுத்த வருடமும் போகவில்லை. கடைசியில் மகனே வந்து கூரையைத் திருத்திக் கொடுத்தானாம். சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் அந்த மகன்தான் எங்களுக்கு அழைத்தான். தாய் அந்த வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே கண் மூடியதாகச் சொன்னான். உங்களை அவர் எப்போதும் நல்ல வாடிக்கையாளர்கள் என்றுதான் சொல்வார் என்றும் சொன்னான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பழைய மாளிகைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டோம்; ஆனால் எந்த வாசலிலும், கடைசியாக அதைப் பூட்டிவிட்டு இறங்கிப் போன ஆளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று ஒரு கணம் நின்று நினைத்த பிறகுதான் என் கால் உள்ளே போகிறது.